ஊர்க்காவலனின் சாவிக்கொத்து

ஊர்க்காவலனுக்கு அந்த வருசம் முழுக்க ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தீபாவளி முடிந்த மறுநாள் யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் படுத்து, மதியச் சோறு வரைக்கும் தூங்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயது மனுசனுக்கு இதைவிடச் சின்ன ஆசை என்ன இருக்க முடியும்? அதைக்கூட அந்தப் பாவிகள் விட்டுவைக்கவில்லை.

தாயில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் காட்டில் பருத்தி எடுத்த குடும்பம். இவர் மீசை முளைத்த வயதில் கம்பெனி வேனில் ஏறினார். மருந்து கலந்தார், குழாயில் அடைத்தார், வெயிலில் காயப் போட்டார், பிறகு பரீட்சை எழுதிப் போர்மேன் சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டார். பத்து விரலும் பத்திரமாக இருக்கிற போர்மேன் என்று அந்தச் சுற்று வட்டாரத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதற்குக் காரணம் கெட்டிக்காரத்தனம் இல்லை, பயம். பயந்தவன்தான் இந்தத் தொழிலில் பேரன் பேத்தி பார்ப்பான் என்று அவரே சொல்வார்.

கம்பெனியின் அறைகளுக்கெல்லாம் உள்ள சாவிகள் ஒரு கொத்தாக அவர் இடுப்பில் தொங்கும். அந்தக் கொத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேட்டுக்கு உள்ளே நுழைந்ததும் வேப்பமரத்தடியில் கருப்பசாமி பீடம். கம்பெனிக்குப் புதிதாக முதலாளி ஒருவர் வந்தால், போர்மேன் வெறுங்காலோடு போய்ச் சாவிக்கொத்தைப் பீடத்தில் வைத்து, தேங்காய் உடைத்து, வேலையாட்கள் எல்லார் முன்னாலும் அதை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பப் போர்மேனிடமே கொடுப்பார். அதற்குப் பிறகுதான் பெண்கள் ரூமுக்குள் கால் வைப்பார்கள். பத்திரம் யார் பேரில் இருக்கிறது, லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ஊர்க்காவலன் கையில் இருந்து சாவி வாங்கியவர் முதலாளி, அவ்வளவுதான்.

வழக்கத்தை உண்டாக்கியவர் கம்பெனியை ஆரம்பித்த நாகையா முதலாளி. ஆரம்ப காலத்தில் ஒரு விபத்து நடந்து இரண்டு பெண்கள் போய்ச் சேர்ந்தபோது, "உள்ள போற சனத்துக்கு யாரு பதில் சொல்லணும்னு தெரியணும்லா, அதுக்குத்தான் இது" என்றாராம். கோபக்காரர், கஞ்சன், வாயைத் திறந்தால் வசவு. ஆனால் ஒரு ரூமில் நாலு பேர் என்றால் நாலே பேர்தான். அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் தண்ணீரில் கொட்டி அழித்துவிட வேண்டும். மழைத் தூறல் விழுந்தால் வேலை நின்றுவிடும். அவர் இருந்த வரைக்கும் ஊர்க்காவலன் ராத்திரி தூங்கினார்.

போன தீபாவளி முடிந்து, கார்த்திகையில் கிழவர் கண்ணை மூடினார். தை மாதம் மகன் முனியராஜ் வந்து சாவி வாங்கினார். வாங்கும்போதே காதில் பஞ்சு வைத்திருந்தார். வெடிச் சத்தம் ஆகாத மனுசன் அவர். பட்டாசுக் கம்பெனி முதலாளிக்கு வெடிச் சத்தம் ஆகாது என்றால் சிரிப்புத்தான் வரும், ஆனால் அது உண்மை. உடம்பு சரியில்லை என்று கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கிக்கொண்டு, போனிலேயே கம்பெனியை நடத்தினார். காலையில் கம்பி மத்தாப்பு போடச் சொல்வார், மதியம் எதற்குப் போட்டாய் என்பார். ஆபீசர்கள் சோதனைக்கு வந்தபோது பதில் சொல்ல ஆள் இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பெண்கள் மாசக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் ஊர்க்காவலனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, கம்பெனியைத் தெறக்கச் சொல்லுங்க. அடுப்பு எரியலை."

"நான் என்னத்தச் செய்ய? அவரு மலை மேல இருக்காரு."

"அப்ப கீழ இருக்கிற ஆளாப் பாத்துச் சாவியைக் குடுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள் கருப்பம்மாள். அவள் வாய்க்கு வேம்பக்கோட்டை வரைக்கும் பயம் உண்டு.

கீழே இருந்த ஆள் பாண்டிராஜ், கிழவருடைய மருமகன். மச்சினன் முனியராஜிடம் பேசிக் கம்பெனியைக் குத்தகைக்கு எடுத்தார், ஆபீசர்களிடம் அலைந்து தடையையும் நீக்கினார். சித்திரையில் அவருக்குச் சாவி கொடுத்ததும் ஊர்க்காவலன்தான். குத்தகைக்காரனுக்குச் சாவி கொடுக்கலாமா என்று மனசு உறுத்தியது. இத்தனை சனம் சோறு கேட்கிறதே என்று கொடுத்துவிட்டார். பாண்டிராஜ் அவருக்குப் பட்டு வேட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தார். அதை ஊர்க்காவலன் ஒரு நாளும் உடுத்தவில்லை, பெட்டியிலேயே கிடந்தது.

கம்பெனி திறந்தது. கூடவே கேடும் வந்தது. நாலு பேர் ரூமில் ஏழு பேர். ரூம் போதாமல் வேப்பமரத்தடியிலும் மருந்து. மேற்பார்வைக்கு யாரைப் போட்டார் தெரியுமா? தன் கார் டிரைவரை! மருந்துக்கும் மாவுக்கும் வித்தியாசம் தெரியாத பயல். ஊர்க்காவலன் எடுத்துச் சொன்னால், "சீசன், போர்மேன், சீசன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விடுவார் பாண்டிராஜ்.

அந்தச் சமயத்தில்தான் ரோமாபுரி ராசாக்கள் தாயில்பட்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

வெடிக்குக் குழாய் உருட்டச் சிவகாசி அச்சாபீஸ்களில் இருந்து பாழாய்ப் போன தாள்கள் லோடு லோடாக வரும். பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கோனார் கடை நோட்டீஸ் என்று எல்லாம் கலந்து கட்டி வரும். அந்தத் தடவை ரோமாபுரிச் சரித்திரப் புத்தகம் ஒன்றின் தாள்களே பண்டல் பண்டலாக இறங்கின. பக்கம் முன்னே பின்னே மாறி அச்சாகிவிட்டதால் ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டார்களாம். வேல்விழி அதைப் பார்த்துவிட்டாள். சரித்திரம் எடுத்து டிகிரி முடித்துவிட்டு, கல்யாணமும் முடிந்து, குழாய் உருட்ட வந்த பிள்ளை. மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரும் சாப்பிட, அவள் சத்தமாக வாசித்தாள்.

பக்கம் மாறிக் கிடந்ததால் சில ராசாக்கள் செத்த பிறகு பட்டம் கட்டிக்கொண்டார்கள். பெண்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்களாகவே கோத்துக்கொண்டார்கள்.

"முத ராசா ரொம்ப வருசம் ஆண்டாராம். தனக்கு அப்புறம்னு அவரு நெனச்ச பேரன்மாரெல்லாம் ஒவ்வொருத்தராச் செத்துப் போக, கடைசியில வேண்டா வெறுப்பா வளப்பு மகனுக்குப் பட்டம் போச்சாம். அவன் கொஞ்ச வருசத்துல ஒரு தீவுல போயி உக்காந்துக்கிட்டு, அங்கன இருந்தே ஓலை எழுதி எழுதி ஆண்டானாம்" என்று சொன்னாள் வேல்விழி.

"நம்ம கொடைக்கானல் ஆளுன்னு சொல்லு" என்றாள் கருப்பம்மாள். அன்றில் இருந்து முனியராஜுக்குத் தீவு ராசா என்று பேராகிவிட்டது.

அடுத்து வந்தவன் தன் குதிரைக்கு மந்திரி பதவி கொடுக்கப் போவதாகச் சொன்னானாம். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி டிரைவரைப் பார்த்தார்கள். ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. அவன் என்னவென்று தெரியாமல் தானும் சிரித்தான்.

"அந்தக் குதிரைக்காரனை அவனுக்குக் காவலா இருந்த படையே வெட்டிப் போட்டுச்சாம். அப்புறம் அரமனைக்குள்ள தேடுனா, திரைச்சீலைக்குப் பின்னால நடுங்கிக்கிட்டு ஒருத்தன் நின்னானாம், அவன் சித்தப்பன். அவனைத் தூக்கிட்டுப் போயி இந்தா இவந்தான் ராசான்னுட்டாக. அதுல இருந்து யாரு ராசாங்கிறது காவக்காரங்க கையிலதானாம். புதுசா வாற ராசாவெல்லாம் மொதல்ல அவுகளுக்குத்தான் அள்ளிக் குடுப்பாகளாம்."

வாசித்து முடித்துவிட்டு வேல்விழி ஊர்க்காவலனைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இது நீகதான்."

"பட்டு வேட்டியை என்னைக்கு உடுத்தப் போறீக?" என்று கருப்பம்மாள் சேர்த்துக் கொடுத்தாள்.

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பும் இல்லை. "ராசாவைத் தூக்கி வச்சவுக கதி என்னாச்சுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

வேல்விழி தாளை முன்னும் பின்னும் திருப்பினாள். "அதைப் போடலை அண்ணாச்சி. ராசாக்க கதை மட்டுந்தான் இருக்கு."

இன்னொரு நாள், ஒரே வருசத்தில் நாலு ராசா வந்த கதையை வாசித்தாள். முதல் ஆள் கிழவர். காவல்காரர்களுக்குச் சொன்ன பணத்தைக் கொடுக்க மாட்டேன் என்றார், வெட்டிவிட்டார்கள். இரண்டாவது ஆள் சண்டையில் தோற்றுத் தன்னைத்தானே குத்திக்கொண்டான். மூன்றாவது ஆளைத் தெருவில் இழுத்துப் போய்க் கொன்றார்கள். நாலாவது ஆள் யார் என்பதற்குள் தாள் முடிந்துவிட்டது. அடுத்த தாளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அது ஏற்கெனவே உருட்டி, மருந்து அடைத்து, லோடு ஏறிப் பீகாருக்குப் போய்விட்டது. நாலாவது ராசாவை அங்கே எவனோ கொளுத்திவிட்டிருப்பான்.

ஆவணி பிறந்தது. அந்த வருசம் ஆர்டர் கொட்டியது. வடக்கே இருந்து லாரிகள் வந்து கேட்டில் காத்துக் கிடந்தன. இது மலைக்கு மேலே தெரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், எல்லாரும் வேலையில் இருக்கும்போது ஊர்க்காவலனுக்கு முனியராஜிடம் இருந்து போன் வந்தது.

"போர்மேன், குத்தகை ரத்து. இப்பவே எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு ரூமைப் பூட்டு. உள்ள இருக்கிறது எல்லாம் இருக்கிறபடி இருக்கணும், ஒரு துரும்பு வெளிய போகக் கூடாது. திங்கட்கிழமை நான் வாரேன்."

"முதலாளி, எட்டாம் ரூமுல கலந்த மருந்து மிச்சம் கெடக்கு. அதை அழிச்சுட்டுப் பூட்டுதேன்."

"அழிக்கிறேன்னு சொல்லி அவனுக்குச் சரக்கைக் கடத்தி விடப் பாக்கியா? தொடாத. பூட்டு."

அவர் பூட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு. முப்பது வருசம் செய்யாததை அன்றைக்குச் செய்தார். சண்டை போடத் தெம்பில்லை, அவ்வளவுதான். ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டித் தலையாட்டி, ஒரு கட்டத்தில் தலை தானாகவே ஆடப் பழகிவிடுகிறது.

அன்று இரவு மழை பெய்தது. எட்டாம் ரூம் கூரையில் ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தது. பாண்டிராஜிடம் எத்தனையோ தடவை சொன்ன ஓடு. கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறும். விடிந்ததும் ஊர்க்காவலன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். குத்தகை ரத்தான சேதி கேட்ட பாண்டிராஜ் கேட்டில் தன் பூட்டைப் போட்டு, நாலு தடியர்களைக் காவலுக்கு வைத்திருந்தார். மருந்து, மழை, ஆபத்து என்று இவர் கெஞ்சியதற்கு, "ஓனர் சொல்லாம எவனும் உள்ள போகக் கூடாது" என்றான் ஒருவன். எந்த ஓனர் என்று கேட்டதற்குப் பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான். பாண்டிராஜ் போனை எடுக்கவில்லை. முனியராஜ் எடுத்து, நாளைக்கு வந்து பேசலாம் என்று வைத்துவிட்டார். தீயணைப்புக்குச் சொல்லலாமா என்று நினைத்தார். சொன்னால் கம்பெனிக்குச் சீல் வைப்பார்கள், சீசனில் இத்தனை பெண்களின் சோறு போய்விடும். அதையும் செய்யாமல் வீடு திரும்பினார்.

மனைவி இருளம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் ரூமில் மருந்து அடைக்கிறவள் அவள்தான்.

"நாளைக்கு ரெண்டு பேரும் வந்து நிப்பாக. யாருக்குச் சாவி குடுக்கப் போறீக?"

"தெரியலை இருளு. யாருக்குக் குடுத்தாலும், நாந்தான் முதலாளின்னு காட்டுததுக்கு அடுத்த நிமிசம் ரூமைத் தெறக்கச் சொல்லுவான்."

"தெறந்தா நாந்தான உள்ள போகணும்" என்றாள். சுளகை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "நல்லா யோசிச்சுக்கோங்க."

திங்கட்கிழமை காலை வேன்கள் வந்து பெண்களை இறக்கிவிட்டன. கேட் திறந்து கிடந்தது. கருப்பசாமி பீடத்துக்கு இந்தப் பக்கம் முனியராஜ், காதில் பஞ்சோடு. அந்தப் பக்கம் பாண்டிராஜ், டிரைவரோடும் தடியர்களோடும். ஊர்க்காவலன் வழக்கம்போலச் செருப்பைக் கேட்டருகே கழற்றிவிட்டு வந்தார். காற்று அந்தத் திசையில் இருந்து வீசியது. தூரத்தில் கருவேல மரங்களை ஒட்டி இருந்த எட்டாம் ரூமில் இருந்து மூக்கை அரிக்கிற ஒரு நாற்றம் வந்தது. அது என்ன நாற்றம் என்று அவருக்குத் தெரியும்.

"இது எங்க அப்பா கம்பெனி. குடு சாவியை" என்றார் முனியராஜ்.

"தீபாவளி வரைக்கும் இது என் கம்பெனி. குத்தகை எழுதியிருக்கு. இங்கிட்டுக் குடு" என்றார் பாண்டிராஜ்.

"ரெண்டு பேருக்கும் சொல்லுதேன். எட்டாம் ரூமுல மருந்து நனைஞ்சு கெடக்கு, சூடேறிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு ஒருத்தரும் அங்கிட்டுப் போகக் கூடாது. தீயணைப்புக்குச் சொல்லுவோம்."

"முதல்ல சாவியைக் குடு, அப்புறம் சொல்லுவோம்" என்றார்கள் இரண்டு பேரும். அந்த ஒரு விசயத்தில் மட்டும் மச்சினனும் மாப்பிள்ளையும் ஒற்றுமை!

ஊர்க்காவலன் பீடத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாவிக்கொத்தை இடுப்பில் இருந்து அவிழ்த்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "இன்னைக்குச் சாவி யாருக்கும் கெடையாது."

பெண்களிடம் முணுமுணுப்புக் கிளம்பியது. சீசன் நேரத்தில் ஒரு நாள் கூலி போனால் சும்மாவா? "எங்க வயித்துல அடிக்காதீக அண்ணாச்சி, யாருக்காவது குடுத்துத் தொலைங்க" என்று கத்தினாள் கருப்பம்மாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அந்தச் சத்தத்தைவிட அவருக்கு அந்த நாற்றம்தான் பெரிதாக இருந்தது.

பாண்டிராஜ் கண் காட்டினார். டிரைவர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு எட்டாம் ரூமைப் பார்த்து நடந்தான். பாதி வழியில் இருளம்மாள் குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"ஏலே, அது நான் உக்காருத ரூமு. நானே போக மாட்டேங்கேன். நீ போவியா? உன் ஆத்தாளுக்கு நீ ஒத்தப் பிள்ளை."

அவன் நின்றான். கடப்பாரையைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். அதற்குள் ஓட்டு இடுக்கு வழியாக வெள்ளைப் புகை கிளம்பியது. "ஓடுங்க!" என்று ஊர்க்காவலன் கத்தியதுதான் அவருக்கு நினைவிருக்கிறது.

சத்தம் சிவகாசி வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். எட்டாம் ரூம் இருந்த இடத்தில் ஒரு குழிதான் மிச்சம். பக்கத்து ரூம்கள் இரண்டும் சரிந்துவிட்டன. ஓட்டுத் துண்டுகள் வேப்பமரத்தில் வந்து விழுந்தன. கேட்டருகே ஒருத்தர் மேல் ஒருத்தர் குப்புற விழுந்து கிடந்தார்கள் எல்லாரும். கொஞ்ச நேரம் அழுகை மட்டும்தான். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து, பக்கத்தில் கிடந்தவளைத் தூக்கிவிட்டாள்.

முனியராஜ் காரில் ஏறிவிட்டிருந்தார். கண்ணாடியை இறக்கி, "நடத்துனது பூராவும் அவன். கம்பெனி அவன் குத்தகையில இருக்கு" என்றார். பாண்டிராஜ் தன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "குத்தகையைத்தான் சனிக்கிழமையே ரத்துப் பண்ணியாச்சே, கம்பெனி அவருதுதான்" என்றார். ஒரு கார் வேம்பக்கோட்டைப் பக்கமும் மற்றது சிவகாசிப் பக்கமும் பறந்தன. கால் மணி நேரத்துக்கு முன்னால் என் கம்பெனி, என் கம்பெனி என்று குரல்வளையைப் பிடிக்கப் போனவர்கள்!

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் குழியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "கம்பெனி யாருதுய்யா?" என்று கேட்டார். பெண்கள் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். அவர் இரண்டு பேருக்கும் போன் போட்டுப் பார்த்தார். ஒருத்தன் அவன் கம்பெனி என்றான், இன்னொருத்தன் இவன் கம்பெனி என்றான். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சரி, சாவி யாருட்ட இருக்கு?"

எப்போதும் ஓயாத கருப்பம்மாள்கூடச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். ஊர்க்காவலன் எழுந்து போய்ச் சாவிக்கொத்தை நீட்டினார்.

"அப்ப இன்னைக்கு இங்க பொறுப்பு நீதானா?"

ஓடிப்போனவர்களின் பெயரைச் சொல்லலாம். போனில் வந்த உத்தரவைச் சொல்லலாம். ஸ்டேசனில் சொல்லிக்கொள்ளலாம், எப்படியும் பத்துத் தடவை கேட்பார்கள். அவருக்கு இப்போது வேண்டியது உட்கார ஒரு இடம்.

"ஆமாங்கய்யா. இன்னைக்கு நாந்தான்."

வேல்விழி மட்டும் விசும்பி விசும்பி அழுதாள். "அந்த நாலாவது ராசா யாருன்னு தெரிய வேண்டாம் அண்ணாச்சி, இனிமே அந்தத் தாளைத் தேட மாட்டேன்" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். உள்ளே சீட்டில் சாய்ந்ததும் கண் சொக்கியது.

ஜீப் கிளம்பும்போது இருளம்மாள் ஓடி வந்தாள். கையில் அவருடைய செருப்பு.

"வெறுங்காலோட போறீகளே. போட்டுக்கோங்க."

அவர் குனிந்து காலில் மாட்டிக்கொண்டார். "எல்லாரும் இருக்காகளா இருளு?"

"இருக்காக. எல்லாரையும் தொட்டுப் பாத்துட்டேன். வேன்ல ஏறிட்டு இருக்காக" என்றாள். "நீங்க போயிட்டு வாங்க."